விரலால் விண்ணை அளந்த முஅல்லிம்: அஹ்மத் இப்னு மாஜித்

நாம் தமிழில் மாலுமி என்று எழுதும் சொல், முஅல்லிம் என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்தது. முஅல்லிம் என்றால் ஆசிரியர். பள்ளியில் பாடம் சொல்லித் தருபவரையும் நடுக்கடலில் கப்பலுக்கு வழி சொல்பவரையும் அறபு மக்கள் ஒரே பெயரால் அழைத்தார்கள். ஏன் அப்படி என்ற கேள்விக்கு, அஹ்மத் இப்னு மாஜித் என்னும் கடலோடியின் வாழ்க்கையில் எனக்கு விடை கிடைத்தது.

இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டில் ஜுல்ஃபார் என்னும் துறைமுகத்தில் பிறந்தார். இன்று அவ்விடம் ஐக்கிய அறபு இராச்சியத்தின் ராஸ் அல் கைமாவில் உள்ளது. அவருடைய பாட்டனாரும் தந்தையும் முஅல்லிம்கள். முருகைக்கற்பாறைகள் நிறைந்த செங்கடலில் கப்பல் செலுத்துவது அன்று பெரிய ஆபத்து. மக்காவுக்குச் செல்லும் ஹாஜிகளின் கப்பல்களும் அவ்வழியே ஜித்தாவுக்குப் போகவேண்டியிருந்தது. தந்தை அந்தக் கடலைப் பற்றி ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் ஒரு பாடல் இயற்றியிருந்தார்.

பெரும் பெயர் பெற்ற தந்தையின் நூல் கையில் இருந்தால் மகன் என்ன செய்வான்? அதை மனனம் செய்து அதன்படி நடந்தாலே போதும் என்று பலர் நினைப்பார்கள். இப்னு மாஜித் அப்படி நிறுத்திக்கொள்ளவில்லை. பாட்டனார் அறிந்ததைத் தந்தை தமது அனுபவத்தால் திருத்தினார். இருவரும் அறிந்ததைத் தாம் நீண்ட காலம் கடலில் சோதித்துப் பார்த்து, சரியானதை வைத்துக்கொண்டு மேலும் சேர்த்ததாக அவர் எழுதினார். தந்தையை அவர் மதித்த விதம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு முன் கடல்வழி நூல்கள் எழுதிய மூவரைக் கடலோடிகள் சிங்கங்கள் என்று போற்றினார்கள். இப்னு மாஜித்தும் அவர்களை மரியாதையோடு நினைவுகூர்ந்தார். ஆயினும் அவர்கள் பிறர் சொன்னதைத் தொகுத்தவர்களே தவிர, தாமே சோதித்து எழுதியவர்கள் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு தம்மை நான்காவது சிங்கமாக அறிவித்துக்கொண்டார். பெருமை பேசுகிறார் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அவருடைய கணக்குகளைப் பார்த்தால், அந்தப் பெருமைக்கு அவர் கடுமையாக உழைத்திருப்பது தெரியும்.

கரை தெரியாத கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று எப்படி அறிவது? வடக்கே போகப் போகத் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து உயரும். தெற்கே வரவரத் தாழும். அந்த உயரத்தை அறபு முஅல்லிம்கள் விரலால் கணக்கிட்டார்கள். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு விரலின் அகலம் மறைக்கும் கோணம் ஓர் இஸ்பா. முழு வட்டத்துக்கு 224 இஸ்பா. அதாவது ஓர் இஸ்பா ஏறத்தாழ 1.6 பாகை. மூன்று மணி நேரக் கடற்பயணத்துக்கு ஸாம் என்று பெயர். எட்டு ஸாம் நேர் வடக்கே சென்றால் நட்சத்திரம் ஒரு விரல் உயரும். எட்டு ஸாம் என்பது ஒரு பகலும் ஓர் இரவும். வானத்தில் ஒரு விரல், கடலில் ஒரு நாள்! இன்றைய கணக்கில் அது சுமார் 178 கிலோமீற்றர். இந்த எளிமையை முதன்முதலில் வாசித்தபோது நான் கொப்பியை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தபடி இருந்தேன்.

விரலுக்குப் பதிலாக ஒரு சிறு மரப்பலகையையும் பயன்படுத்தினார்கள். அதன் நடுவில் முடிச்சுகள் இட்ட நூல் கட்டியிருக்கும். நூலைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டி, கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். பின்னாளில் இது கமால் எனப்பட்டது. இணைந்த கணிதத்தில் நாங்கள் படிக்கும் தான்சன் விகிதம்தான் இதன் அடிப்படை. நானும் மட்டையில் ஒன்று செய்து, உம்மாவுடன் மேல்மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கொழும்பில் துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏழு பாகையளவுதான். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அது தென்னை மரங்களுக்குப் பின்னால் எங்கோ ஒளிந்திருந்தது. இதே சிக்கல் அன்றைய மாலுமிகளுக்கும் இருந்தது. துருவ நட்சத்திரம் மிகத் தாழ்ந்துவிடும் தென்கடல்களில் அதற்கு அருகிலுள்ள வேறு நட்சத்திரங்களை எப்படி அளப்பது என்பதையும் இப்னு மாஜித் விளக்கியிருக்கிறார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவருடைய காலத்தில் துருவ நட்சத்திரம் வானத்தின் உண்மையான துருவத்திலிருந்து சுமார் மூன்றரைப் பாகை விலகியிருந்தது. எனவே அது துருவத்தைச் சுற்றி ஒரு சிறு வட்டமிட்டது. வட்டத்தின் உச்சியில் அளப்பதற்கும் அடியில் அளப்பதற்கும் இடையே நான்கு விரலுக்கு மேல் வேறுபாடு வரும். நான்கு விரல் என்றால் நான்கு நாள் பயணம். இதை அறியாதவர் தம் கப்பலையும் அதில் நம்பி ஏறியவர்களையும் தவறான கரைக்குக் கொண்டுபோய்விடுவார். சந்திரனின் 28 மன்ஸில்களைக் கொண்டு, எந்த நேரத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று அறியும் முறையை இப்னு மாஜித் விரிவாக எழுதிவைத்தார்.

அவர் 1462ஆம் ஆண்டில் கடற்கலையின் அடிப்படைகளைச் சொல்லும் நீண்ட பாடலொன்றை இயற்றினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்டது அது. இருட்டிலும் புயலிலும் ஏட்டைப் புரட்ட முடியாது. பாட்டு மனதில் நிற்கும். சுமார் 1490இல் கிதாபுல் ஃபவாஇத் என்னும் உரைநடை நூலை எழுதினார். பன்னிரண்டு பகுதிகள் கொண்ட அந்நூலில் திசைகள், நட்சத்திரங்கள், பருவக்காற்றுகள், துறைமுகங்கள் எல்லாம் இடம்பெறுகின்றன. பெரிய தீவுகளைப் பற்றிய பகுதியில் நமது இலங்கையும் உண்டு. கரை நெருங்குவதைக் காட்டும் பறவைகள், கடற்பாம்புகள், அடிமண்ணின் நிறம் ஆகியவற்றையும் கவனிக்கச் சொல்கிறார். கப்பல் தரையில் இருக்கும்போதே அதன் குறைகளைப் பாருங்கள், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றாதீர்கள், குறைவாக உறங்குங்கள், சுக்கான் பிடிப்பவரிடம் கண் வையுங்கள் என்பவை அவருடைய அறிவுரைகள்.

இப்படிப்பட்ட ஒருவரைப் பலரும் நினைவில் வைத்திருப்பது வேறொரு கதையால். 1498இல் வாஸ்கோட காமாவை ஆபிரிக்காவின் மாலிந்தியிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு அழைத்து வந்தவர் இப்னு மாஜித் என்பது அந்தக் கதை. 1505இல் போர்த்துக்கேயர் நம் கரைக்கும் வந்தார்கள். அதன் பின் இத்தீவின் முஸ்லிம்கள் பட்ட துன்பம் நாம் அறிந்ததே. ஆகவே இந்தக் குற்றச்சாட்டு நமக்குச் சிறியதன்று.

ஆனால் ஆதாரம் என்ன? பயணம் நடந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின், மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் என்ற வரலாற்றாசிரியர் இப்னு மாஜித்தின் பெயரைக் குறிப்பிட்டார். மது மயக்கத்தில் வழியைச் சொல்லிவிட்டார் என்பது அவர் எழுதிய கதை. போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களோ வழிகாட்டி குஜராத்தைச் சேர்ந்தவர் என்றும், மாலேமோ கானா என்று அழைக்கப்பட்டார் என்றும் எழுதினார்கள். மாலேமோ என்பது முஅல்லிம்தான். அது பதவியின் பெயர். ஒருவருடைய சொந்தப் பெயர் அன்று. 20ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்ததால்தான் கதை உலகெங்கும் பரவியது. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. எதையும் சோதிக்காமல் ஏற்காதே என்று கற்பித்த மனிதரின் மீதே, சோதிக்கப்படாத ஒரு கதை ஏறிக்கொண்டது.

அவரை உண்மையில் அறிந்திருந்தவர்கள் கடலோடிகளே. 1554இல் துருக்கிய கடற்படைத் தளபதி ஸெய்தி அலி ரயீஸ் புயலில் அலைக்கழிந்து குஜராத்தை அடைந்தார். அங்கே அஹமதாபாதில் முஹீத் என்னும் கடல் நூலை எழுதியபோது, இப்னு மாஜித்தின் நூல்களைத் தமக்கு ஆதாரமாகக் கொண்டார். ஆசிரியர் மறைந்த பின்னும் பாடம் நடந்துகொண்டிருந்தது.

முஅல்லிம்கள் மூவகையினர் என்று இப்னு மாஜித் எழுதினார். முதல் வகையினர் ஒரு சமயம் சரியாகவும் ஒரு சமயம் பிழையாகவும் போவார்கள். இரண்டாம் வகையினர் தாம் சென்ற கடலை நன்கு அறிந்தவர்கள். ஆனால் அவர்கள் மறைந்ததும் அவர்களின் பெயரும் மறைந்துவிடும். மூன்றாம் வகையினர் அறிந்ததை எழுதிவைத்துப் பிறருக்குப் பயன்படச் செய்பவர்கள்.

இதை வாசித்தபோது நம் கரையோர ஊர்களின் மூத்த மீனவர்களை நினைத்தேன். காற்று மாறுவதை முகத்தில் உணர்ந்து சொல்லக்கூடிய அப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாம் வகையினர். பேனாவும் கொப்பியும் நம்மிடம் இருக்கின்றன. தோழிகளே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவர்களின் அருகில் அமர்ந்து கேட்போம். கேட்டதை எழுதி வைப்போம்.