இருபது நிறையாத வீரர்

இந்திய விமானப் படை 1932-இல் தொடங்கப்பட்டது. எனக்கோ, அதற்கும் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே பிரான்ஸ் வானில் வீழ்ந்த இந்திரலால் ராய்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

1898-இல் கொல்கத்தாவில் பிறந்து லண்டனில் பயின்றவர். பார்வைக் குறைபாடு என்று கூறி முதலில் நிராகரிக்கப்பட்டார். மோட்டார் சைக்கிளை விற்ற பணத்தில் கண் மருத்துவ வல்லுநரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டு, 1917-இல் பிரிட்டனின் வான்படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் விமான விபத்தில் காயமுற்றதும், பறக்கத் தகுதியற்றவர் என்றனர். விடாது முயன்று மீண்டும் விமானமேறினார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து வான்போர் வெற்றிகள். ஜூலை 22-இல் கார்வின் நகருக்கு மேலே நடந்த சண்டையில் உயிர்நீத்தபோது அவருக்கு இருபது வயது நிறையவில்லை. மறைவுக்குப் பிறகே டி.எஃப்.சி. வீரப்பதக்கம் வந்தது.

அந்நிய ஆட்சிக்காகப் போரிட்டவரைப் போற்றலாமா என்று நானும் தயங்கியதுண்டு. ஆனால், இந்தியரால் போர் விமானம் ஓட்ட இயலுமா என்ற ஐயத்தைத் தம் உயிர் கொடுத்துத் தீர்த்தவர் அவர். 1954-இல் நமது விமானப் படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி, அவருக்கு மருமகன் முறை. கொடி எதுவாயினும், அந்தத் துணிவு நம்முடையது என்றே கருதுகிறேன்.