டாக்டருக்குப் படிக்காதவருக்கு "சர்" பட்டம்!

கால்பந்து வீரர்களின் முழங்காலைக் காப்பாற்றிய பார்க்கரின் கதை

லண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் கரையில், பார்லிமெண்டு கட்டடத்துக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் பெயர் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி.

1936-ம் ஆண்டில் ஒரு நாள் அங்கே 100-க்கும் மேற்பட்ட எலும்பு டாக்டர்கள் கூடினார்கள். எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். பெயர் பெற்றவர்கள்.

அவர்கள் நடுவே 67 வயதுப் பெரியவர் ஒருவர் நின்றார். நோயாளிகள் வந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் மடங்கவில்லை. ஒருவருக்குத் தோள் தூக்க முடியவில்லை. பெரியவர் மூட்டைத் தொட்டுப் பார்த்தார். மடக்கினார், திருகினார், நீட்டினார். கத்தி இல்லை. ரத்தம் இல்லை. இரண்டு கைகள்தான் கருவி.

டாக்டர்கள் கண் இமைக்காமல் பார்த்தார்கள்.

அந்தப் பெரியவர் டாக்டர் அல்ல. மருத்துவக் கல்லூரியில் படித்தவரும் அல்ல. அவரோடு சேர்ந்து வேலை செய்த ஒரே குற்றத்துக்காக, 25 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டாக்டரின் தொழிலே பறிபோயிற்று!

அவர்தான் சர் ஹெர்பர்ட் பார்க்கர்.

எலும்பு கட்டும் குடும்பங்கள்

இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் லங்காஷயர் என்று ஒரு மாவட்டம். அங்கே கடற்கரை ஓரம் சவுத்போர்ட் என்ற ஊரில் 1869-ம் ஆண்டு பார்க்கர் பிறந்தார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் எலும்பு கட்டும் வைத்தியர்கள் இருந்தார்கள். தந்தை மகனுக்குச் சொல்லிக் கொடுப்பார். மாமன் மருமகனுக்குச் சொல்லிக் கொடுப்பார். புத்தகம் கிடையாது. கைப்பழக்கம்தான்.

பெண்களும் இந்தத் தொழிலில் பெயர் எடுத்தார்கள். 1736-ம் ஆண்டு வாக்கில் சேரா மாப் என்ற பெண்மணி எப்சம் ஊரிலிருந்து நான்கு குதிரை பூட்டிய வண்டியில் லண்டனுக்கு வந்து எலும்பு கட்டிவிட்டுப் போவார். பிரபுக்களும் அவரைத் தேடி வந்தார்கள். ஆனால் மறு ஆண்டே வறுமையில் இறந்து போனார்.

ஹட்டன் என்ற குடும்பமும் இந்தத் தொழிலில் கொடி கட்டிப் பறந்தது. அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு.

ரிச்சர்டு ஹட்டன் என்ற வைத்தியர் 1865-ம் ஆண்டு கடும் நோயில் படுத்தார். பீட்டர் ஹூட் என்ற டாக்டர் அவருக்கு வைத்தியம் பார்த்துக் குணப்படுத்தினார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அந்த நன்றிக்கு ஹட்டன் என்ன செய்தார் தெரியுமா? தன் குடும்ப ரகசியத்தையே கொடுத்தார். பீட்டர் ஹூட்டின் மகன் வார்ட்டன் ஹூட்டும் டாக்டர்தான். அவரை அருகில் நிறுத்திக் கைப்பழக்கம் முழுவதையும் சொல்லிக் கொடுத்தார். ஹட்டன் இறந்த பிறகு, 1871-ம் ஆண்டில், வார்ட்டன் ஹூட் அதையெல்லாம் டாக்டர்களின் பத்திரிகையில் எழுதினார்.

எத்தனை டாக்டர்கள் அதைப் படித்துப் பயன்படுத்தினார்கள்? மிகச் சிலர்தான்.

அந்த ஹட்டன் குடும்பத்து வித்தை ஜான் அட்கின்சன் என்பவருக்கு வந்தது. அட்கின்சன் லண்டனில் பார்க் லேன் என்ற பணக்காரத் தெருவில் தொழில் நடத்தினார். அவருடைய உறவினர்தான் நம் பார்க்கர். இளம் வயதிலேயே அட்கின்சனிடம் போய்ச் சேர்ந்தார், தொழில் கற்றார். பிறகு மான்செஸ்டர், கிளாஸ்கோ நகரங்களில் தனியாக வைத்தியம் செய்தார். கடைசியில் லண்டனுக்கே வந்து, பார்க் லேன் தெருவிலேயே கடை விரித்தார்.

மூட்டு ஏன் பூட்டிக் கொள்கிறது?

கால்பந்து ஆடுகிறவர்களுக்கு முழங்கால்தான் உயிர். அந்த முழங்காலுக்குள் இரண்டு குருத்தெலும்புகள் இருக்கின்றன. பிறை நிலா போல வளைந்தவை. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தை போல இருந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன.

ஆட்டக்காரர் பாதத்தைத் தரையில் ஊன்றியபடி உடலைச் சட்டென்று திருப்பினால், இந்தக் குருத்தெலும்பு கிழிந்து போகும். கிழிந்த துண்டு எலும்புகளுக்கு இடையே சிக்கிக் கொள்ளும். கதவு இடுக்கில் துணி மாட்டிக் கொண்டால் கதவு எப்படி அசையாதோ, அப்படியே முழங்காலும் பூட்டிக் கொள்ளும். நீட்ட முடியாது.

எடின்பரோ நகரில் தாமஸ் அன்னண்டேல் என்ற டாக்டர் 1883-ம் ஆண்டில் இத்தகைய முழங்காலை அறுத்து, குருத்தெலும்பைத் தைத்துக் காட்டினார். ஆனால் அந்தக் காலத்தில் பென்சிலின் இல்லை. மூட்டைத் திறந்தால் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே பெரும்பாலான டாக்டர்கள் கட்டையை வைத்துக் கட்டினார்கள். அசையாமல் படு என்றார்கள்.

வாரக் கணக்கில் படுத்தால் என்ன ஆகும்? தொடைச் சதை சூம்பிப் போகும். மூட்டுக்குள் ஒட்டுகள் வளரும். வலி குறைந்தாலும் கால் பழையபடி மடங்காது. ஆட்டக்காரருக்கு ஆட்டம் போயிற்று! பிழைப்பும் போயிற்று!

இப்படிக் கைவிடப்பட்டவர்கள்தான் பார்க்கரைத் தேடி வந்தார்கள். கால்பந்து வீரர்கள் வந்தார்கள். குதிரைப் பந்தய ஜாக்கிகள் வந்தார்கள். பார்க்கர் முதலில் விரலால் தடவி, வலி எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். பிறகு நோயாளிக்கு மயக்க வாயு கொடுக்கப்படும். சதையெல்லாம் தளர்ந்ததும் முழங்காலை முழுவதும் மடக்குவார், சற்றே திருகுவார், சட்டென்று நீட்டுவார். சிக்கிய துண்டு விலகிக் கொள்ளும். ஒட்டு இருந்தால் அறுபடும். நோயாளி விழித்ததும் நடக்கச் சொல்வார்.

புகழ் பெற்ற ஓவியர் அகஸ்டஸ் ஜான் முதல் உலகப் போர்க் காலத்தில் முழங்காலில் அடிபட்டு நொண்டிக் கொண்டிருந்தார். அவரும் பார்க்கரிடம் போனார், கால் சரியாயிற்று.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் கையால் வைத்தியம் செய்வது பரவியது. அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பாமர் என்பவர் 1895-ம் ஆண்டில் "கைரோபிராக்டிக்" என்ற முறையைத் தொடங்கினார். நோய்க்கெல்லாம் காரணம் முதுகெலும்பில்தான் இருக்கிறது என்பது அவர் கொள்கை. பார்க்கர் அப்படியெல்லாம் பெரிய கொள்கை எதுவும் பேசவில்லை. அடிபட்ட மூட்டு எதுவோ அதைப் பார்த்தார். என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய பலம்.

டாக்டர்களின் கோபம்

டாக்டர்களுக்கு பார்க்கர் மீது கடும் கோபம். பொறாமைதான் காரணம் என்று பார்க்கரின் நண்பர்கள் சொன்னார்கள். அது முழு உண்மை அல்ல.

அந்தக் காலத்தில் எலும்பிலும் மூட்டிலும் காசநோய் சர்வ சாதாரணம். காசநோய் பிடித்த முழங்காலும் வீங்கும், வலிக்கும், மடங்காது. அதைச் சுளுக்கு என்று நினைத்துத் திருகினால் நோய் பொங்கிக் கிளம்பும். காலை இழக்க நேரிடும். அதனால்தான் டாக்டர்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதே.

1911-ம் ஆண்டில் பார்க்கர் மீது ஒரு நோயாளி வழக்குத் தொடர்ந்தார். பார்க்கர் வைத்தியம் பார்த்த அவருடைய காலைப் பின்னர் டாக்டர்கள் வெட்டி எடுக்க நேர்ந்தது. நஷ்ட ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு ஆயிற்று.

ஆனால் அந்த வழக்கினால் பார்க்கரை விட அதிகமாகப் பாதிக்கப்பட்டவர் வேறு ஒருவர்.

தண்டனை யாருக்கு?

பார்க்கரின் நோயாளிகளுக்கு மயக்க வாயு கொடுத்து வந்தவர் பிரெடரிக் ஆக்ஸம் என்ற முதிய டாக்டர். முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவர். பார்க்கரின் கைத்திறனைக் கண்ணால் கண்டு, அதனால் துணைக்கு வந்தவர்.

அன்றைய சட்டம் விசித்திரமானது. படிக்காதவர் வைத்தியம் செய்யலாம். தன்னை டாக்டர் என்று சொல்லிக் கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் படித்த டாக்டர், படிக்காத வைத்தியருக்குத் துணை போனால் மருத்துவக் கவுன்சில் அவரைத் தண்டிக்கும்.

பதிவேட்டில் பார்க்கரின் பெயரே இல்லை. இல்லாத பெயரை எப்படி நீக்குவது? ஆகவே அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆக்ஸத்தின் பெயர் இருந்தது. அதை நீக்கிவிட்டார்கள்!

நோயாளியின் வலியைக் குறைத்ததுதான் அவர் செய்த குற்றம். அவர் அந்த அறையில் இல்லாவிட்டால், நோயாளி பல்லைக் கடித்துக் கொண்டு வலி முழுவதையும் தாங்கியிருக்க வேண்டும்.

இதைக் கேட்டு லண்டனில் பலர் கொதித்தார்கள். டாக்டர்களிலேயே சிலர் பார்க்கர் பக்கம் பேசினார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் தலைவராக முன்பு இருந்த வால்டர் ஒயிட்ஹெட் அவர்களில் ஒருவர். என் வைத்தியத்தை வந்து பாருங்கள், சோதித்துப் பாருங்கள் என்று பார்க்கர் டாக்டர்களைத் திரும்பத் திரும்ப அழைத்தார். அவர்கள் போகவில்லை.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் கைகால் முடங்கித் திரும்பினார்கள். பார்க்கரை ஏன் பயன்படுத்தவில்லை என்று பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு இடம் தர அதிகாரிகள் சம்மதிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராணுவத்தின் எலும்பு வைத்தியத்துக்குத் தலைமை வகித்தவர் ராபர்ட் ஜோன்ஸ். அவர் தொழில் கற்றது ஹ்யூ ஓவன் தாமஸ் என்ற டாக்டரிடம். அந்தத் தாமஸின் தகப்பனார் யார்? வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவிலிருந்து வந்த, பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்து வைத்தியர்! டாக்டர்கள் போட்ட வழக்குகளால் நொந்து போய், தன் ஐந்து பிள்ளைகளையும் டாக்டருக்கே படிக்க வைத்தவர் அவர். அந்தப் போரில் தொடை எலும்பு முறிந்த எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காத்தது, அவர் மகன் செய்து வைத்திருந்த "தாமஸ் கட்டை"தான்.

பட்டம் வந்தது, பதிவேடு திறக்கவில்லை

1922-ம் ஆண்டில் பார்க்கருக்கு "சர்" பட்டம் கிடைத்தது. டாக்டர் அல்லாத ஒருவருக்கு, வைத்தியத்துக்காக, அரசர் பட்டம் கொடுத்தார்! அதன் பிறகு சில ஆண்டுகளில் பார்க்கர் தொழிலைக் குறைத்துக் கொண்டார்.

தனக்குப் பட்டம் வந்த பிறகு ஆக்ஸத்தின் பெயரை மீண்டும் சேர்ப்பது கடினமாக இராது என்று அவர் நினைத்திருக்கலாம். நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷா ஆக்ஸத்துக்காகப் பத்திரிகைகளில் வாதாடினார். ஊரே கேட்டது. வைத்தியம் செய்தவருக்கு அரசாங்க மரியாதை, துணை நின்றவருக்குத் தண்டனையா என்று கேட்டார்கள்.

மருத்துவக் கவுன்சில் அசையவில்லை. 1926-ம் ஆண்டில் ஆக்ஸம் காலமானார். அவருடைய பெயர் பதிவேட்டில் ஏறவே இல்லை.

மேலும் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் கதவு பார்க்கருக்குத் திறந்தது. வந்திருந்தவர்கள் பிரிட்டிஷ் எலும்பு மருத்துவச் சங்கத்து டாக்டர்கள். எந்தக் கைகளைப் பார்க்க 1911-ல் மறுத்தார்களோ, அந்தக் கைகளைப் பார்க்க 1936-ல் கூட்டமாக வந்து நின்றார்கள்.

1950-ம் ஆண்டு ஜூலை மாதம், 81-வது வயதில், சர் ஹெர்பர்ட் பார்க்கர் காலமானார்.

இப்போது கிழிந்த குருத்தெலும்பை, சிறு துளை வழியாகக் குழாய் செலுத்திப் பார்த்து, டாக்டர்களே சரி செய்கிறார்கள். மூட்டைத் திருகுமுன் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கணுக்கால் சுளுக்கினால் மாதக் கணக்கில் கட்டிப் போடுவதில்லை. வலி தணிந்ததும் சீக்கிரமே காலை அசைக்கச் சொல்கிறார்கள். கையால் வைத்தியம் செய்கிறவர்களுக்கும் இங்கிலாந்தில் சட்டப்படி பதிவேடு உண்டு. "ஆஸ்டியோபதி" முறைக்கு 1993-ம் ஆண்டிலும், "கைரோபிராக்டிக்" முறைக்கு 1994-ம் ஆண்டிலும் பார்லிமெண்டு தனித்தனியாகச் சட்டம் செய்தது.