ஓசோன் ஆய்வின் முன்னோடி அறிஞர் கே.ஆர். இராமநாதன்

கல்வராயன் மலையில் பெய்யும் மழையை எதிர்நோக்கிக் கோமுகி ஆற்றுப் பாசனத்தில் பயிர் செய்யும் நம் பகுதி மக்களுக்குத் தென்துருவம் எட்டாத் தொலைவாகத் தோன்றலாம். ஆயினும் இறைவன் படைத்த வானம் அனைவருக்கும் பொதுவானது. அதனைக் காக்கும் பொறுப்பும் பொதுவானதே. இவ்வுண்மையைத் தம் வாழ்நாட் பணியால் உணர்த்தியவர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன்.

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் 1893 பிப்ரவரி 28-ஆம் நாள் பிறந்த இவர், பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பணியாற்றிய பின், 1921-இல் கல்கத்தா சென்று சி.வி. இராமனுடன் ஒளிச்சிதறல் ஆய்வில் ஈடுபட்டார். 1925-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வெப்ப மண்டலத்திற்கு மேலே, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில், கடுங்குளிர்ந்த காற்று பூமியை வளையமாகச் சூழ்ந்துள்ளது என்பதை 1929-இல் உலகிற்கு அறிவித்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்து அறிஞர் டாப்சன், ஓசோனை அளக்கும் கருவிகளைப் பல நாடுகளுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று நம் கொடைக்கானலிலும், மற்றொன்று எகிப்து நாட்டு ஹெல்வானிலும் அமைந்தன. கதிரவனின் தீய புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோனை ஆராய்வதே பின்னர் இராமநாதனின் பெரும்பணியாயிற்று. 1948-இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

1954 முதல் 1957 வரை அனைத்துலகப் புவி அளவியல், புவி இயற்பியல் ஒன்றியத்திற்குத் தலைமை தாங்கினார். வல்லரசுகள் ஒன்றையொன்று ஐயுற்ற அந்நாளில், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் 1957-58-ஆம் ஆண்டுகளைப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டு ஒன்றுகூடி ஆய்ந்தன. அதற்கென அண்டார்டிகாவின் ஹாலி விரிகுடாவில் பிரிட்டன் நிறுவிய நிலையத்தில் ஓசோன் அளவீடு தொடங்கியது. அக்கூட்டு முயற்சியின் பயனாக 1959-இல் பன்னிரு நாடுகள் அண்டார்டிக் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன.

1984 டிசம்பர் 31-ஆம் நாள் இராமநாதன் மறைந்தார். ஐந்தே மாதங்களில், 1985 மே திங்களில், தென்துருவ வானில் வசந்தகாலத்தில் ஓசோன் பெரிதும் குறைவதைப் பிரிட்டிஷ் அறிஞர்கள் வெளியிட்டனர். ஹாலியில் ஆண்டுதோறும் அளந்து வைத்த கணக்கே அதற்குச் சான்றாயிற்று. பழைய அளவுகள் இன்றேல் இழப்பை எவ்வாறு அறிவது? குளிர்சாதனங்களிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்பாடு உருவானது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவராயிருந்த எகிப்திய அறிஞர் முஸ்தபா தோல்பா, நாடுகளிடையே இணக்கம் காண அயராது உழைத்தார். 1992-இல் இந்தியாவும் அதில் இணைந்தது. துருவத்து ஓசோன் 2066-ஆம் ஆண்டு வாக்கில் 1980-ஆம் ஆண்டு நிலையை எய்தும் என்பது அறிஞர்தம் மதிப்பீடு.

இராமநாதன் தலைமுறையினர் உடனடிப் பயன் கருதாது அளந்தனர். அளந்ததைப் பிற நாட்டாருடன் பகிர்ந்தனர். ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் அளவுகளைக் குறிக்கும் நம் மாணவர்கள் அப்பணியைச் சிறிதென எண்ணாது, நேர்மையுடன் செய்வார்களாக.