மாடு மேய்த்தவரைத் தேடி வந்த புகழ்!

இசைத்தட்டில் பாடினார் ஒருவர். பாடி முடித்து ஊருக்குப் போனார். 35 ஆண்டு ஓடி விட்டது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட வெளி உலகத்துக்குத் தெரியாது.

கடைசியில், அவர் பாடிய பாட்டே அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது!

அவர் பெயர் ஜான் ஹர்ட். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துக்காரர். கறுப்பர் குடும்பத்தில் 1890-களின் தொடக்கத்தில் பிறந்தார். வளர்ந்த ஊர் அவலான். மிகச் சிறிய ஊர்.

குரு இல்லாத வித்தை

சுமார் 9 வயதில் ஜான் கிடார் பழகினார். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. தானாகவே கற்றுக்கொண்டார்.

அவர் வாசிக்கும் முறை தனி. கட்டை விரல் தடித்த கம்பிகளில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்கும். 2 பேர் சேர்ந்து வாசிக்கிறார்களோ என்று தோன்றும். குரல் மென்மையானது. பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது போலப் பாடுவார்.

பாட்டு சோறு போடவில்லை. வாரத்துக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்தார். கொஞ்ச காலம் ரெயில் பாதையில் வேலை பார்த்தார். அக்கம்பக்கத்தில் விருந்து, நடனம் என்றால் கிடாருடன் போவார்.

வாய்ப்பு வந்தது

அந்தக் காலத்தில் அங்கே கறுப்பர்களும் வெள்ளையர்களும் சமமாகப் பழக முடியாது. ஆனாலும், வில்லி நார்மோர் என்ற வெள்ளைக்கார பிடில் வித்வான், ஜானைச் சேர்த்துக்கொண்டு வாசித்தது உண்டு. 'ஓகே' இசைத்தட்டுக் கம்பெனியார் நார்மோரைத் தேடி வந்தபோது, ஜானைப் பற்றி அவர் எடுத்துச் சொன்னார்.

1928 பிப்ரவரியில், மெம்பிஸ் நகரில் ஜான் பாடினார். அவற்றில் 2 பாட்டுகளே வெளிவந்தன. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்குக்கு அழைத்தார்கள்.

பெரிய பட்டணம். குளிர் காலம். ஜானுக்கு ஊர் நினைவு வந்து விட்டது. அவலான்தான் தன் ஊர் என்று ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார். அதுவும் தட்டில் பதிவாயிற்று.

விற்பனைக்காக அவர் பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி' என்று சேர்த்தார்கள். ஆனாலும் தட்டுகள் அதிகம் விற்கவில்லை. 1929-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. வேலை இழந்தவன் எங்கே இசைத்தட்டு வாங்குவான்? ஜானை மறுபடியும் யாரும் கூப்பிடவில்லை. அவர் வயலுக்குத் திரும்பினார்.

பாட்டே வழி காட்டியது

1952-ல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய நாட்டுப்பாடல்களைத் திரட்டி வெளியிட்டார். அதில் ஜானின் பாட்டு 2 இருந்தன. இளைஞர்கள் அவற்றைக் கேட்டு வியந்தார்கள். பாடியவர் எங்கே? யாருக்கும் தெரியவில்லை. இறந்திருப்பார் என்று பலர் எண்ணினார்கள்.

இசை ஆர்வலர்களுக்கு ஒரு யோசனை வந்தது. பாட்டில் அவலான் என்ற ஊர்ப் பெயர் வருகிறதே! தேசப்படத்தில் தேடினார்கள். ஊர் இருந்தது.

1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் மிசிசிப்பிக்குப் போனார். அவலானில் ஒரு கடையில் விசாரித்தார். ஜான் அங்கேயே இருந்தார்! பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

முன்பின் தெரியாத வெள்ளைக்காரரைக் கண்டதும் ஜான் பயந்தார். ரகசிய போலீஸ் என்று நினைத்து விட்டார். மிசிசிப்பியில் கறுப்பர்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிய காலம் அது. பயத்துக்குக் காரணம் இருந்தது.

வந்த காரியம் தெரிந்தபின் பயம் தெளிந்தது. பாடச் சொன்னால், ஜானிடம் சொந்தக் கிடார்கூட இல்லை! வந்தவரின் கிடாரை வாங்கி வாசித்தார். விரல்கள் வித்தையை மறக்கவில்லை.

70 வயதில் மேடை

ஜான் வாஷிங்டன் நகருக்குக் குடிபோனார். அதே 1963-ல் புதிய இசைத்தட்டு வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் அவர் பாட்டுகளைப் பதிவு செய்தது. நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில், தொப்பி அணிந்த அந்தக் கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். ஆயிரக்கணக்கானவர்கள் ஆரவாரம் செய்தார்கள். டெலிவிஷனிலும் தோன்றினார்.

கிடார் பழகும் பிள்ளைகள் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'லவிங் ஸ்பூன்புல்' என்ற பிரபல இசைக்குழு, அவர் பாட்டில் வந்த சொற்களையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

இந்த வாழ்வு 3 ஆண்டே நீடித்தது. ஜான் கடைசிக் காலத்தில் மிசிசிப்பிக்கே திரும்பினார். 1966 நவம்பர் 2-ந்தேதி மாரடைப்பால் இறந்தார். அவலான் அருகே அடக்கம் செய்தார்கள்.

அவர் வாழ்ந்த சிறு வீடு பிற்காலத்தில் காட்சிசாலை ஆயிற்று. 2024-ல் அது தீயில் எரிந்து போனது. பாட்டுகள் எரியவில்லை. இன்றும் கிடார் கற்பவர்கள் அவற்றை வாசித்துப் பழகுகிறார்கள்.

இடையில் போன 35 ஆண்டில் ஜான் கெட்டுப் போகவில்லை. உழைத்தார், குடும்பம் நடத்தினார். நஷ்டம் கேட்பவர்களுக்குத்தான். அந்த நடு வயதுக் குரல் எப்படி இருந்தது என்று இனி யாரும் கேட்க முடியாது!