இடைசெவல் தந்த எழுத்தாளர்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்வோர் இடைசெவல் என்னும் சிற்றூரைக் கடந்தே செல்வர். மழை பெய்தால் காலில் ஒட்டிக்கொள்ளும், பெய்யாவிட்டால் வெடித்துக் கிடக்கும் கரிசல் பூமி அது. சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற இருவர் இந்த ஓர் ஊரிலேயே பிறந்தனர் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஒருவர் கி. ராஜநாராயணன். மற்றவர் அவருடைய இளமைத் தோழர் கு. அழகிரிசாமி.

அழகிரிசாமி 23.9.1923 அன்று குருசாமி, தாயம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. ஆனால் அவர் உள்ளம் தோய்ந்ததோ கம்பனின் தமிழில். தோழர் இருவரும் விளாத்திகுளம் சுவாமிகளின் இசையிலும் மனத்தைப் பறிகொடுத்தவர்கள்.

படிப்பு முடிந்ததும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வானத்தை நம்பிப் பிழைக்கும் நம் பக்கத்தில் அரசாங்க உத்தியோகம் எவ்வளவு பெரிது! அதை உதறிவிட்டு, எழுதுவதற்காகவே சென்னைக்குப் போனார். ஆனந்த போதினி, பிரசண்ட விகடன், சக்தி என்று இதழ் மாறி இதழில் உழைத்தார். 1950களில் மலேயா சென்று கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றினார். திரும்பி வந்து நவசக்தியில் சேர்ந்தார். அவர் வேலையை விட்டது சரிதானா என்று என் தந்தையாரிடம் கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

நாவல்களும் நாடகமும் எழுதியிருந்தாலும், அவர் புகழ் சிறுகதைகளால் நிலைபெற்றது. அலங்காரச் சொற்களை அவர் தேடவில்லை. பிறர் கவனிக்காமல் விட்டதை, முக்கியமாகக் குழந்தைகளின் மனத்தை, கவனித்தார். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் ஓர் ஏழைத் தாய், தீபாவளிக்கு முன் வந்து சேரும் அனாதைச் சிறுவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். அவள் பெயரும் தாயம்மாள்தான்! தம் அன்னையை நினைத்தே அப்பெயரை வைத்தாரோ என்று எனக்குத் தோன்றியது. ஏழைகளுக்கு இரங்க வேண்டும் என்று ஆசிரியர் எங்கும் உபதேசிக்கவில்லை. சிறுவனுக்கு உடுத்தக் கிடைக்கும் ஒரு துண்டைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

‘அன்பளிப்பு’ கதையை எங்கள் தமிழம்மா வகுப்பில் வாசித்தபோது யாரும் பேசவில்லை. தனக்கு மட்டும் பரிசு கிடைக்காத சாரங்கன், தன் பெயருக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி ஒரு டைரியை நீட்டுகிறான். அடுத்த மணி அடித்த பிறகும் எனக்கு அவன் நினைவாகவே இருந்தது.

அழகிரிசாமி 5.7.1970 அன்று தம் 46ஆம் வயதில் காலமானார். ‘அன்பளிப்பு’ தொகுதிக்கு 1970ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு வழங்கப்பட்டது. அதை வாங்க அவர் இல்லை.

‘குமாரபுரம் ஸ்டேஷன்’ என்ற கதையும் அவருடையதே. கோவில்பட்டிக்கு அருகே, காட்டு வெளியில் தனியாக நிற்கும் சின்னஞ்சிறு ரயில் நிலையம் அது. கோவில்பட்டிப் பள்ளியில் சேரக் கிராமத்துச் சிறுவர்கள் அக்கதையில் ரயிலேறுகிறார்கள். சென்ற விடுமுறையில் அவ்வழியே ரயிலில் போனபோது சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வண்டி அங்கே நிற்கவில்லை.