பால் லாசர்ஸ்ஃபெல்டின் தொடக்ககால ஆய்வு வாழ்வு: நிலையான பணியின்மையும் ஆய்வுமுறை உருவாக்கமும்

முன்னுரை

தகவல் தொடர்பியலைக் கள ஆய்வு சார்ந்த துறையாக நிலைநிறுத்தியவர்களுள் பால் லாசர்ஸ்ஃபெல்ட் (1901–1976) முதன்மையானவர். கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக அவர் ஆற்றிய பணிகள் பரவலாக அறியப்பட்டவை. அதற்கு முன், நிலையான பல்கலைக்கழகப் பதவியின்றி அவர் கழித்த ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளே அவருடைய ஆய்வுமுறையை வடிவமைத்தன என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வியன்னாக் காலம்

வியன்னாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த லாசர்ஸ்ஃபெல்ட், இளமையிலேயே சோசலிச இளைஞர் இயக்கத்தில் ஈடுபட்டார். 1925 இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பள்ளியில் கணிதம் கற்பித்துக்கொண்டே, கார்ல் பியூலர், சார்லட் பியூலர் ஆகியோர் நடத்திய உளவியல் நிறுவனத்தில் புள்ளியியல் கற்பித்தார். அங்குக் கிடைத்த ஊதியம் வாழ்க்கைக்குப் போதவில்லை. யூத எதிர்ப்பு மிகுந்திருந்த பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வுக்கும் வழியில்லை. ஆகவே வெளியாரிடம் பணிபெற்றுப் பொருளீட்டும் பொருளாதார உளவியல் ஆய்வகம் ஒன்றை அவர் தொடங்கினார்.

நுகர்பொருள்களை மக்கள் எவ்வாறு தேர்ந்து வாங்குகின்றனர் என்பதை வணிக நிறுவனங்களுக்காக அவ்வாய்வகம் ஆராய்ந்தது. சவர்க்காரம் வாங்குவதும் வாக்களிப்பதும் ஆய்வுமுறை நோக்கில் ஒரே தன்மையன என்ற அவருடைய பிற்காலக் கருத்து இவ்வனுபவத்தில் வேர்கொண்டதாகும். ஆஸ்திரிய வானொலிக்காக 1931–32 இல் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ 1,10,000 நேயர்களின் விருப்பங்கள் தொகுக்கப்பட்டன. வானொலி நேயர் ஆய்வின் முன்னோடி முயற்சிகளுள் இஃது ஒன்று.

இக்காலத்தின் தலையாய பணி மரியந்தால் ஆய்வு. துணியாலை மூடப்பட்டதால் ஊரே வேலையிழந்த அச்சிற்றூரில் 478 குடும்பங்கள் ஆராயப்பட்டன. மரீ யஹோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோர் இதில் முதன்மைப் பங்காற்றினர். பொழுதைக் கழித்த விதம், உணவு, தெருவில் நடக்கும் வேகம் முதலியன அளந்து பதியப்பட்டன. ஓய்வுநேரம் பெருகியும் நூலகத்தில் நூல் பெறுவது குறைந்ததை ஆய்வு கண்டறிந்தது. வறுமை மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டாமல் செயலறச் செய்தது என்பது அதன் முடிவு. 1933 இல் ஜெர்மனியில் வெளிவந்த நூலின் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர்கள் இடம்பெறவில்லை. ஆய்வகத்தின் பெயரே இருந்தது.

அமெரிக்கக் காலம்

1933 இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வு நல்கை பெற்று அமெரிக்கா சென்றார். 1934 பிப்ரவரியில் ஆஸ்திரிய சோசலிசக் கட்சி தடைசெய்யப்பட்டது. உறவினர் பலர் சிறைப்பட்டனர். தாயகத்தில் அவருடைய ஆசிரியப் பணியும் பறிபோயிற்று. நல்கைக் காலம் முடிந்தபின் சமூகவியலறிஞர் ராபர்ட் லிண்டின் துணையால் நியூவார்க்கில் பணி கிடைத்தது. அங்கிருந்த சிறிய பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் ஒன்றை அமைத்தார். அதற்கான நிதியின் பெரும்பகுதியைத் தாமே திரட்ட வேண்டியிருந்தது. ஆய்வாளர் பலர் இருப்பதாகத் தோன்றும்பொருட்டு எலியாஸ் ஸ்மித் என்னும் புனைபெயரிலும் கட்டுரைகள் வெளியிட்டார். நிலையற்ற நிறுவனத்தை நிலைபெறச் செய்ய ஓர் ஆய்வாளர் எத்துணைப் பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

1937 இல் ராக்பெல்லர் நிதியுதவியில் தொடங்கிய பிரின்ஸ்டன் வானொலி ஆய்வுத் திட்டத்தின் இயக்குநரானார். ஹேட்லி கான்ட்ரிலும் ஃபிராங்க் ஸ்டான்டனும் இணை இயக்குநர்கள். இசைப் பிரிவுக்கு 1938 இல் தியோடர் அடோர்னோ அழைக்கப்பட்டார். நேயரின் விருப்பு வெறுப்புகளை அளப்பதால் மட்டும் இசையின் சமூக நிலையை அறிய இயலாது என்பது அடோர்னோவின் நிலைப்பாடு. இருவருக்குமிடையே இணக்கம் ஏற்படவில்லை. இசைப் பிரிவுக்கான நிதியும் நீட்டிக்கப்படவில்லை. ஆயினும் அக்கருத்து மோதலை லாசர்ஸ்ஃபெல்ட் புறந்தள்ளவில்லை. நிதியளிப்போரின் தேவைக்கு விடைதேடும் நிருவாக ஆய்வையும், ஊடகத்தின் சமூக விளைவை வினவும் திறனாய்வு நோக்கையும் வேறுபடுத்தி, பின்னதன் இன்றியமையாமையை 1941 இல் கட்டுரையாக்கினார்.

வானொலித் திட்டம் கொலம்பியாவுக்கு மாறியபின் 1940 இல் ஓஹியோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் தேர்தல் ஆய்வு நடைபெற்றது. 600 வாக்காளர் கொண்ட குழு மாதந்தோறும் மீண்டும் மீண்டும் நேர்காணப்பட்டது. ஊடகச் செய்தி கருத்துத் தலைவர்கள் வழியாகவே பலரைச் சென்றடைகிறது என்னும் கருத்து இவ்வாய்விலிருந்து உருவாயிற்று. 1941 இல், தம் நாற்பதாம் வயதில், கொலம்பியாவில் இணைப் பேராசிரியரானார்.

முடிவுரை

குழுவாக உழைத்தல், எண்ணியல் தரவையும் நேர்காணலையும் இணைத்தல், பிறர் தரும் பணியிலிருந்து தம் வினாவுக்கான தரவைப் பெறுதல் ஆகிய மூன்றும் லாசர்ஸ்ஃபெல்ட் பதவியின்றி இருந்த காலத்தில் பயின்றவை. சந்தை ஆய்வில் பெற்ற நேர்காணல் திறனே மரியந்தாலில் பசியைப் பதிவுசெய்யவும் பயன்பட்டது. அதே வேளையில், நிதியளிப்போரைச் சார்ந்திருந்தமை எவ்வினாக்களை எழுப்பலாம் என்பதற்கு எல்லை வகுத்தது. அடோர்னோவுடனான முரண் இதனை உணர்த்துகிறது. ஆகவே லாசர்ஸ்ஃபெல்டின் ஆய்வுமுறையை மதிப்பிடுங்கால், அது உருவான பொருளியல் சூழலையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.