வணிகர் இராபர்ட் மாரிஸ்

இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் நகரில் 1734-ஆம் ஆண்டு பிறந்தவர் இராபர்ட் மாரிஸ். 13 வயதளவில் கடல் கடந்து, அமெரிக்காவின் மேரிலாந்தில் புகையிலை வாணிகம் செய்துவந்த தந்தையாரிடம் சேர்ந்தார். 1750-இல், கப்பலொன்றில் மரியாதைக்காக வெடித்த பீரங்கியால் புண்பட்டுத் தந்தையார் இறந்தார். பிலடெல்பியாவில் வில்லிங் என்னும் பெருவணிகரிடம் தொழில் பயின்ற மாரிஸ், 1757-இல் அவருடைய மைந்தருக்குப் பங்காளியானார். கப்பல்கள் பெருகின, செல்வமும் பெருகிற்று. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொணர்ந்து விற்கும் கொடிய வாணிகத்திலும் அந்நிறுவனம் ஈடுபட்டது. அவர் வரலாற்றில் அஃது ஒரு நீங்காக் கறையே.

அக்காலத்தில் அமெரிக்காவின் 13 குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தன. 1765-இல் விதிக்கப்பட்ட முத்திரை வரியை மாரிஸ் எதிர்த்தார். ஆயினும் விடுதலை கோருவதற்கு உரிய காலம் வரவில்லை என்றே கருதினார். 1776 ஜூலை 2-ஆம் நாள், பேராளர் பேரவையில் விடுதலைத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதனைத் தடுக்க விரும்பாமல் ஒதுங்கி நின்றார். பெரும்பான்மையோர் முடிவு செய்த பின்னர், ஆகஸ்டில் தாமும் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். அன்றுமுதல் அவர் பொருளும் உழைப்பும் விடுதலைப் போருக்கே உரியவாயின.

அவ்வாண்டின் இறுதியில் பகைவர் நெருங்கவே, பேரவையினர் பிலடெல்பியாவை விட்டு நீங்கினர், மாரிஸ் நீங்கவில்லை. படைவீரர் பலரின் பணிக்காலம் டிசம்பரோடு முடிவதாக இருந்தது. மேலும் ஆறு வாரம் தங்குவோர்க்குப் பத்து டாலர் அளிப்பதாகத் தளபதி வாஷிங்டன் வாக்களித்துவிட்டார், கையிலோ பணமில்லை. அவருடைய வேண்டுகோளை ஏற்ற மாரிஸ், புத்தாண்டு நாளன்றே 50,000 டாலர் திரட்டி அனுப்பினார். படை கலையவில்லை. இரண்டு நாட்களில் பிரின்ஸ்டனில் வெற்றியும் கிட்டியது.

1781-இல் பேரவை அச்சிட்ட காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்தது. அந்நிலையில் நிதி மேற்பார்வையாளர் பதவியை மாரிஸ் ஏற்றார். தம் பெயரிலேயே கடன் சீட்டுகள் எழுதி வெளியிட்டார். நாட்டின் நாணயத்தை ஏற்க மறுத்தவர்கள், மாரிஸின் நாணயத்தை நம்பி அச்சீட்டுகளை வாங்கிக்கொண்டனர். வர்ஜீனியாவை நோக்கிச் சென்ற வீரர்கள் உலோகக் காசாகவே ஊதியம் வேண்டுமெனப் பிடிவாதம் செய்தபோது, உடன் வந்த பிரெஞ்சுத் தளபதியிடம் 20,000 டாலர் கடன் பெற்று வழங்கச் செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் யார்க்டவுனில் ஆங்கிலப்படை சரணடைந்தது.

போருக்குப் பின் நிலத்தின்மேல் அவருக்கு அடங்காத ஆசை பிறந்தது. கடன் வாங்கி இலட்சக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கினார். பிலடெல்பியாவில் பளிங்கு மாளிகை ஒன்றையும் எழுப்பத் தொடங்கினார். நிலம் எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை. மாளிகையும் முற்றுப்பெறவில்லை. கையெழுத்தொன்றால் படையை நடத்தியவர், அக்கையெழுத்தாலேயே கடனில் மூழ்கினார். 1798 பிப்ரவரியில் கடனாளிகள் சிறையில் அடைக்கப்பட்டார். குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த வாஷிங்டன், அவ்வாண்டு நவம்பரில் அச்சிறைக்குச் சென்று பழைய நண்பரோடு அமர்ந்து உணவருந்தினார்.

1801 ஆகஸ்டில் மாரிஸ் விடுதலையானார். அவர் விற்ற நிலங்களில் மனைவியார் மேரிக்கு இருந்த உரிமைக்கு ஈடாக, நிலக் கம்பெனி ஒன்று ஆண்டுதோறும் 1,500 டாலர் அளித்துவந்தது. அப்பணத்தில் இருவரும் ஒரு சிறு வீட்டில் வாழ்ந்தனர். 1806 மே 8-ஆம் நாள் அவர் காலமானார். மேரியின் தமையனாருக்குரிய குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.